வாசகர் கேள்வி – பதில்: யப்பான் வீதிகளில் ஒரு யாழ்ப்பாணத்துக் கார்ப்பித்தன்

சென்ற இதழில், யப்பானில் பதினாறு நாள்கள் கார்களைத் தேடி அலைந்த கதையைச் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை கேள்விகளாகவே இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தமையால், எல்லோருக்கும் ஊரை மட்டுமே குறித்திருக்கிறேன்.

கேள்வி: கார்களில் ஆசை உள்ள ஒருவருக்கு யப்பானில் ஒரே ஓர் இரவுதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் எங்கே போக வேண்டும்?
— ஆசிரியர், மானிப்பாய்

டைக்கோக்கு. யோசிக்காமல் சொல்லக்கூடிய பதில் இதுதான். யோக்கோஹாமாத் துறைமுகத்தில் கடலை நிரப்பி உண்டாக்கிய தீவொன்றில், பல அதிவேக வீதிகள் வந்து கூடுமிடத்தில், சுருள் சுருளாக இறங்கும் மேம்பாலங்களின் நடுவில் இருக்கும் வாகனத் தரிப்பிடம் அது. பார வண்டிச் சாரதிகள் இறங்கி முகம் கழுவி, ஒரு கிண்ணம் நூடில்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போவதற்காகக் கட்டப்பட்ட இடம். வெள்ளி, சனி இரவுகளில் அது கார்களின் திருவிழாவாகிவிடும். விழா என்று சொன்னாலும் கொடியேற்றமும் இல்லை, உபயகாரரும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறார்கள், நிறுத்துகிறார்கள், காரை விட்டு இறங்கி மற்றவர்களின் கார்களைப் பார்த்தபடி நடக்கிறார்கள்.

நான் போன இரவில், நிசான் ஸ்கைலைன் ஜீ.ரி.ஆர் ஆர்34 என்னும் வேகக் கார் ஒன்றின் அருகே, கூரைவரை பொம்மைகள் அடுக்கிய சிறிய வான் ஒன்று நின்றது. அதற்கப்பால், படக்கதை நாயகியின் உருவத்தை உடம்பு முழுவதும் ஒட்டிய கார். இப்படிப்பட்டவற்றை அங்கே ‘இத்தாஷா’ என்பார்கள். ‘பார்க்கவே நோகிற வண்டி’ என்று பொருள் சொல்லலாம். உரிமையாளர்களே சிரித்துக்கொண்டு வைத்துக்கொண்ட பெயர். இவற்றையெல்லாம் தாண்டி, ஓரமாக நின்ற பழைய, சதுர உருவான ஸ்கைலைன் ஒன்றின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல அதன் முன்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, கேட்காமலே எஞ்சின் மூடியைத் திறந்து காட்டினார். எனக்கு யப்பானிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கைபேசியில் இருந்த எங்கள் அப்பாவின் ஒஸ்ரின் காரின் படத்தை எடுத்துக் காட்டினேன். அவர் அதை உற்றுப் பார்த்து, ‘ஒஸ்ரின்!’ என்று சொல்லிவிட்டு, தன் காரைத் தட்டி ‘நிசான், நிசான்’ என்றார். அதன் பொருள் அந்த இரவில் எனக்கு முழுதாக விளங்கவில்லை. கீழே பருத்தித்துறை அன்பரின் கேள்வியில் அதற்கு வருகிறேன்.

போகும் வழியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டைக்கோக்குத் தரிப்பிடத்துக்கு நடந்து போக முடியாது. ரயிலும் அங்கே போவதில்லை. அதிவேக வீதியில் காரில் போவதொன்றே வழி. இதனால் வெளிநாட்டவரைக் காசுக்கு ஏற்றிச் செல்வதாகச் சொல்லும் பலர் இருக்கிறார்கள். பயணிகளைக் கூலிக்கு ஏற்றும் வாகனத்துக்கு அங்கே பச்சை இலக்கத் தகடு இருக்க வேண்டும். வெள்ளைத் தகட்டுக் காரில் காசு வாங்கி ஏற்றுவது குற்றம். தகட்டைப் பார்த்து ஏறுங்கள்.

கேள்வி: அங்கே ஒருவரும் கோண் அடிக்க மாட்டார்களாம். உண்மையா?
— இல்லத்தரசி, நெல்லியடி

ஏறத்தாழ உண்மை. ஆபத்தைத் தவிர்க்க வேண்டிய நேரத்திலும், ‘கோண் அடிக்க’ என்று பலகை வைத்த மலை வளைவுகளிலும் அன்றி அதைப் பயன்படுத்தக்கூடாது என்பது சட்டம். வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல, பின்னால் உள்ள அபாய விளக்குகளை இரண்டு முறை மின்னவிடுவார்கள். பருத்தித்துறை மினிபஸ்ஸில் தினமும் வந்துபோகும் தங்களுக்கு, அங்கே முதல் இரண்டு நாளும் காது அடைத்துவிட்டதோ என்ற ஐயம் வரும்.

கேள்வி: முப்பது வருடமாகக் கராச் நடத்துகிறேன். மூன்று வருடம் ஓடிய யப்பான் கார் புதிது போலவே வந்து இறங்குகிறது. இத்தனை நல்ல வாகனத்தை ஏன் அவர்கள் கைவிடுகிறார்கள்? பத்து வருடத்துக்கு மேல் அங்கே கார் ஓடத் தடை என்கிறார்களே?
— கராச் உரிமையாளர், சுன்னாகம்

தடை எதுவும் இல்லை. இங்கே எல்லோரும் நம்பும் கதை அது. டைக்கோக்கில் ஐம்பது வயதுக் கார் இலக்கத் தகட்டோடு நிற்பதைக் கண்ணால் பார்த்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். உண்மைக் காரணத்தின் பெயர் ‘ஷாக்கென்’. அது அரசு விதித்த கட்டாயத் தகுதிப் பரிசோதனை. புதிய தனியார் காருக்கு முதல் பரிசோதனை மூன்றாம் வருடம் முடியும்போது. அதன் பின் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. பிரேக், முன்விளக்கின் திசை, சில்லுகளின் நேர், புகை, அடிப்பகுதியின் கசிவு, துரு என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். எடைக்கான வரியையும் கட்டாயக் காப்புறுதியையும் அந்த நேரத்திலேயே கட்ட வேண்டும். கராச் கூலியும் சேர, சாதாரணக் காருக்கும் ஓர் இலட்சம் யென் அளவுக்கு வந்துவிடும். அந்தத் தவணை நெருங்கும்போது, ‘இதற்குச் செலவழிப்பதா, இதை விற்றுவிட்டுப் புதிதை எடுப்பதா’ என்ற கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும். தாங்கள் காணும் மூன்று வயதுக் கார்களில் பல, அந்தக் கணக்கில் தோற்று வந்தவை. எஞ்சினில் தோற்றவை அல்ல.

வயது கூடினால் வரியும் கூடும். பெற்றோல் கார் பதின்மூன்று வருடத்தைத் தாண்டினால் ஆண்டு வரி ஏறத்தாழ 15 வீதம் உயரும். பழையதை வைத்திருப்பவன் அபராதம் கட்டுவதுபோலத்தான். நமது நாட்டிலோ பழைய காரின் விலை ஏறிக்கொண்டே போகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் திறக்கப்படும்வரை, வாங்கிய விலையிலும் கூட்டி விற்ற விற்ஸ்களையும் அக்குவாக்களையும் தாங்கள் எத்தனை பார்த்திருப்பீர்கள்!

கைவிடப்படும் கார் நேரே கப்பலேறுவதில்லை. முதலில் ஏல மண்டபத்துக்குப் போகும். அங்கே பரிசோதகர் ஒவ்வொரு காரையும் சுற்றி வந்து ஒரு தாளில் குறித்து வைப்பார். அந்த ஏலத்தாளைத் தங்கள் வாடிக்கையாளர் பலர் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள், ஆனால் மேலே உள்ள தர எண்ணை மட்டுமே பார்ப்பார்கள். அந்தத் தாளின் கீழே உள்ள கார்ப் படத்தைப் பாருங்கள். ‘ஏ’ என்றால் கீறல், ‘யூ’ என்றால் நெளிவு, ‘டபிள்யூ’ என்றால் தட்டிப் பூசிய இடம், ‘எக்ஸ்எக்ஸ்’ என்றால் மாற்றிய பாகம். பக்கத்தில் உள்ள எண் கூடக் கூடக் குறையும் பெரிது. நாலரை என்ற தரத்தோடு கதவில் ஒரு ‘யூ1’ இருந்தால் கவலைப்படத் தேவையில்லை. தர எண்ணுக்குப் பதிலாக ‘ஆர்’ என்றிருந்தால், சட்டகத்தைத் தொடும் அளவுக்கு அடிபட்டுத் திருத்திய கார் என்று கொள்ளுங்கள். அப்படிப்பட்ட காரைத் திருத்திய நேர்த்தியைப் பார்த்து ஏமாறுவது எளிது. எனக்குத் தெரிந்த ஒருவர் தாளை நிழற்பிரதியாகவே வாங்கிக்கொண்டார். ‘ஆர்’ இருந்த மூலை பிரதியில் விழவில்லை. மூலத்தாளைக் கேட்பது வெட்கப்பட வேண்டிய காரியமன்று.

கேள்வி: டோக்கியோவில் மனிதர் நிற்கவே இடமில்லை என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கார்களை எங்கே விடுகிறார்கள்?
— பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

யப்பானியக் கார் வாழ்வின் சாவி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கார் வாங்கிவிட்டு நிறுத்த இடம் தேடுவது நமது வழக்கம். அங்கே இடம் முதலில், கார் பிறகு. வீட்டிலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் காரை விடத் தனக்கென ஓர் இடம் உண்டு என்று காட்டி, பொலிஸ் நிலையத்தில் சான்று பெற்றால்தான் காரைப் பதிவுசெய்ய முடியும். 1962 இல் வந்த சட்டம் அது. இரவு முழுவதும் வீதியோரத்தில் காரை விட்டுவிட்டு உறங்கும் வசதி யாருக்கும் இல்லை. டோக்கியோவின் குடியிருப்பு ஒழுங்கைகள் நமது நல்லூர் ஒழுங்கைகளைவிட அகலம் கூடியவை அல்ல. ஆனாலும் அவற்றில் ஒரு காரும் நிற்பதில்லை. முதல் முறை அப்படியொரு ஒழுங்கையில் நடந்தபோது, ஏதோ குறைகிறதே என்று நெடுநேரம் யோசித்தேன், குறைந்தது அதுதான்.

இடம் அருமை என்பதால் அதை அரிசிபோல அளந்து பயன்படுத்துகிறார்கள். இரண்டு வீடுகளுக்கிடையே மூன்று கார் அகலமுள்ள நிலம் சும்மா கிடந்தால், காசு போட்டு நிறுத்தும் தரிப்பிடமாகிவிடும். காரை விட்டதும் நிலத்திலிருந்து ஓர் இரும்புத் தகடு எழுந்து அடியை மறிக்கும். பொறியில் காசு போட்டால்தான் அது படுக்கும். நகர நடுவில் கோபுரங்கள் உண்டு. காரைத் தட்டில் ஏற்றிவிட்டு இறங்கினால் பாரந்தூக்கி அதை மேலே கொண்டுபோய் அலுமாரியில் தட்டம் வைப்பதுபோல வைத்துவிடும். காரைப் பின்னுக்கு எடுத்து நிறுத்துவதே ஏறக்குறைய எல்லோருக்கும் பழக்கம். ஒரு மூதாட்டி, இருபுறமும் ஒரு கையளவு மட்டும் மிஞ்சும் இடத்துக்குள் ஒரே மூச்சில் பின்னுக்கு எடுத்து விட்டதைப் பார்த்து, சைக்கிளை மதிலோடு சாத்தவே இரண்டு தரம் முயலும் நான் தலைகுனிந்தேன்.

அங்கே பிறந்த குட்டிக் கார்களை நாமும் அறிவோம். வகனாரும் எவ்ரி வானும் இன்று யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளை நிறைக்கின்றன. ‘கேய்’ என்பது அந்த வகையின் பெயர். நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், எஞ்சின் 660 சீசீ. இந்த அளவுகளைத் தாண்டினால் அந்த வகையில் சேராது. தனியார் கேய் கார்களுக்கு மஞ்சள் தகடு. இவற்றுக்கு வரி குறைவு. பல ஊர்களில், நான் மேலே சொன்ன இடச் சான்று விதியும் தளர்வு. நமக்கு அவை சிக்கனமாக வந்து சேர்ந்த கார்கள். அவர்களுக்கோ சட்டமும் ஒழுங்கையும் சேர்ந்து செதுக்கிய உருவங்கள்.

கேள்வி: 1990களில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40 காரை இன்றும் வைத்திருக்கிறேன். பேரன், ‘யப்பான்காரன் செய்ததுதான் கார்’ என்கிறான். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், பருத்தித்துறை

ஐயா, பேரனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு இதைப் படியுங்கள். போரில் தோற்ற யப்பானின் கார்த் தொழில் பின்தங்கிப் போயிருந்தது. 1952 இல் நிசான் நிறுவனம் இங்கிலாந்தின் ஒஸ்ரினோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அடுத்த வருடம் நிசான் தொழிற்சாலையில் கோர்க்கப்பட்ட கார் எது தெரியுமா? ஒஸ்ரின் ஏ40 சோமசெற். முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன. பின்னர் ஒவ்வொன்றாக யப்பானிலேயே செய்யத் தொடங்கினார்கள். 1955 முதல் ஏ50 கேம்பிறிட்ஜ். அந்த ஒஸ்ரின் எஞ்சினில் பிஸ்ரன் அசையும் தூரத்தைக் குறுக்கி, ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஆக்கிய எஞ்சினைத் தம் டற்சன் காரில் வைத்தார்கள். டற்சன் 210 என்ற அந்தக் கார் 1958 இல் அவுஸ்திரேலியாவைச் சுற்றி ஓடிய கடும் போட்டியில் தன் பிரிவில் வென்றது. டைக்கோக்குப் பெரியவர் என் படத்தையும் தன் காரையும் மாறி மாறித் தொட்டதன் பொருள் இதுதான் என்று ஊர் திரும்பிப் படித்த பிறகே விளங்கியது.

மண்ணெண்ணெய்க் கதையை அவருக்குச் சைகையால் சொல்ல முயன்று தோற்றேன். பேரனுக்காக இங்கே எழுதிவிடுகிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் மருந்துபோல அளந்து விற்கப்பட்டது. அப்பா சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது என்பதால்தான் அந்தத் துளிகள். பழைய ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் காற்றையும் எரிபொருளையும் ஏழு மடங்கு அளவுக்கே அமுக்கும். ஆகவே அந்தத் தரம் குறைந்த எண்ணெயையும் எஞ்சின் ‘டக் டக்’ என்று அடிக்காமல் ஓரளவு எரித்தன. கூடுதலாக அமுக்கும் இன்றைய எஞ்சின் ஒரு மைல்கூடத் தாங்காது. புதிய யப்பான் கார்கள் சும்மா நின்ற காலத்தில் நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனது தங்கள் ஏ40. பேரன் சொல்வதிலும் ஓர் உண்மை உண்டு. ஆனால் யப்பான்காரன் செய்யப் பழகியது அந்தக் காரிலுந்தான்.

கேள்வி: இலங்கை அனுமதிப்பத்திரத்தோடு அங்கே நாமே காரோட்டலாமா?
— வங்கி ஊழியர், கோண்டாவில்

சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டால் ஓட்டலாம். 1949 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படும் பத்திரத்தையே யப்பான் ஏற்கும். இலங்கை அந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. கொழும்பில் இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் வழங்குகிறது. அங்கும் இடப்புறமே ஓடுவதால் கை தடுமாறாது. தடுமாறுவது கண்தான்: நில் என்னும் பலகை எண்கோணமாக இல்லாமல் தலைகீழ் முக்கோணமாக இருக்கும், அதில் ஆங்கிலம் இல்லாமலும் இருக்கலாம். சில்லு முழுதாக நிற்க வேண்டும். மெல்ல உருட்டிக்கொண்டு போனால் மறைந்து நிற்கும் பொலிஸ் பிடிக்கும். ரயில் கடவையிலும், படலை திறந்திருந்தாலும், நின்று பார்த்துத்தான் கடக்க வேண்டும். மது ஒரு மிடறும் கூடாது. ஓட்டுபவர் குடித்திருப்பது தெரிந்தே கூட ஏறியவருக்கும் தண்டனை உண்டு.

டோக்கியோ நகரத்துக்குள் காரோட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ரயில் எடுத்து ஒடவாராவுக்குப் போய், அங்கே வாடகைக்குக் கார் எடுத்து ஹாக்கோனே மலைக்கு ஏறுங்கள். கட்டணம் வாங்கும் மலைவீதி ஒன்று உண்டு. கீழே சகாமி விரிகுடா, மேலே வளைவுக்கு வளைவு காட்டு மரங்கள், மேகம் விலகினால் பூஜி மலை. நான் எடுத்தது 660 சீசீ குட்டிக் கார். ஏற்றத்தில் முனகியது, ஆனாலும் முன்னால் போன விலையுயர்ந்த கார்களுக்குள்ள அதே வளைவுகள்தான் எனக்கும் கிடைத்தன.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?
— ஆலயத் தொண்டர், வட்டுக்கோட்டை

கடினம். மரக்கறி நூடில்ஸ் என்றாலும் சாறு மீனில் இறக்கியதாகவே பெரும்பாலும் இருக்கும். அதிவேக வீதி ஓய்விடங்களில், உப்பிட்ட பிளம் பழம் வைத்த சோற்றுருண்டையும் வேகவைத்த வற்றாளைக் கிழங்கும் என்னைக் காப்பாற்றின. சோற்றுருண்டையின் உறையிலும் மீன் சாறு உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும். புறப்படும்போது கொஞ்சம் பொரிவிளாங்காய் கொண்டுபோங்கள்.

கேள்வி: யப்பானில் காரை எப்படியும் மாற்றலாமாம். இங்கே சைலன்சரை மாற்றினாலே பொலிஸ் பிடிக்கிறது. இது நியாயமா?
— பெயரில்லாக் கடிதம், கொக்குவில்

தம்பி, அங்கேயும் பிடிக்கும். 1995 இல் விதிகளைத் தளர்த்திய பின்னரே பல மாற்றங்கள் சட்டப்படியாயின. இன்றும் கார் நிலத்திலிருந்து ஒன்பது சென்றிமீற்றருக்குக் கீழே இறங்கக்கூடாது, சில்லு உடலுக்கு வெளியே துருத்தக்கூடாது, புகைக்குழலின் சத்தத்துக்கு அளவு உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஷாக்கென் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். இவற்றுக்குள் நின்றுகொண்டு அவர்கள் செய்யும் வேலை வியப்பைத் தரும்: உயர்ந்த ரக வளையச் சில்லு, பழைய காலத்துக் கண்ணாடி, தேடிப்பிடித்த இருக்கைத் துணி. பழைய பாகங்களுக்கென்றே பெரிய கடைகள் உண்டு. புத்தகக் கடையில் புத்தகம் அடுக்கியிருப்பதுபோல ஸ்ரியரிங் வளையங்கள் அடுக்கியிருக்கும். உனக்குப் பிடிக்கக்கூடியது ‘டெக்கோத்தோரா’ என்ற அலங்காரப் பார வண்டி. உடம்பெல்லாம் வெள்ளித் தகடு, வண்ண விளக்கு, பக்கத்தில் கடல் அலை ஓவியம். திருவிழாவுக்குச் சோடித்த நமது தனியார் பஸ்களின் சித்தப்பா மகன் என்று சொல்லலாம்.

சட்டத்தை மீறிச் சத்தம் எழுப்புகிறவர்களும் அங்கே இல்லாமலில்லை. டைக்கோக்கில் அப்படிச் சிலர் வந்து எஞ்சினை அலறவிட்டதும், ஒலிபெருக்கியில் பொலிசாரின் அறிவிப்பு வந்தது: தரிப்பிடம் மூடப்படுகிறது, எல்லோரும் வெளியேறவும். யாரும் வாதிடவில்லை. அரை மணிக்குள் முழு இடமும் காலியாயிற்று. சத்தம் போட்டவர்கள் முதலில் போய்விட்டார்கள். பழைய ஸ்கைலைன் பெரியவர் துணியை மடித்து வைத்துவிட்டு, கடைசி வரிசையில் மெல்ல உருட்டிக்கொண்டு போனார். நாலு பேரின் சத்தம் நூறு பேரின் இரவைக் கெடுத்தது. உன் சைலன்சர் நியாயத்தை அந்தப் பெரியவரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? ஒரு நாள் ஒதுக்கினால் எந்த அருங்காட்சியகம்?
— மருத்துவத் தாதி, சாவகச்சேரி

ஏப்பிரல் கடைசி வாரமும் மே முதல் வாரமும் அங்கே தொடர் விடுமுறை. ஓகஸ்ற் நடுவில் முன்னோரை நினைக்கும் நாள்கள். இவ்விரண்டிலும் வீதியும் விடுதியும் நிறைந்து வழியும். கார்க் கண்காட்சி பார்க்க விரும்பினால் ஜனவரியில் சிபாவில் நடக்கும் டோக்கியோ ஓட்டோ சலூனுக்குப் போங்கள். மாற்றியமைத்த கார்களுக்கென்றே 1983 இல் தொடங்கிய விழா.

அருங்காட்சியகம் என்றால், நகோயாவில் ரொயோட்டாவின் தொழில்நுட்ப நினைவு அருங்காட்சியகம். உள்ளே நுழைந்ததும் கார் இருக்காது, தறிகள் இருக்கும். சக்கிச்சி தொயோடா என்பவர் 1924 இல் முடித்த தானியங்கித் தறி, ஒரு நூல் அறுந்தாலும் தானே நின்றுவிடும். பணியாளர் அதை இயக்கி, நூலை அறுத்துக் காட்டுவார். அவர் மகன் கீச்சிரோதான் தறிக் கம்பனிக்குள்ளேயே கார்ப் பிரிவைத் தொடங்கியவர். பிழை வந்தால் உடனே நிறுத்து என்ற அந்தத் தறியின் பழக்கத்தைக் கார்த் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனார்கள். தறிக்கூடத்தில் நான் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, கார் மண்டபத்தை ஓட்டமும் நடையுமாகப் பார்க்க நேர்ந்தது. தாங்கள் காலையிலேயே போய்விடுங்கள். ஜனவரியில் போவதானால் தடித்த கம்பளிச் சட்டை கட்டாயம்.